அந்தக் கைக்குச் சொந்தக்காரர் யார்?

சைபர்பங்க் என்பது உடம்புக்குள் இயந்திரம் புகுந்த, பெரிய கம்பெனிகள் ஆளும் எதிர்காலத்தைச் சொல்லும் கதைவகை. ரோல்பிளேயிங் கேம் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டு. சைபர்பங்க் ரோல்பிளேயிங் கேமுக்குக் கதாபாத்திரம் உருவாக்க உட்காருகிற எல்லாரும் முதலில் கேட்பது, "என் ஆளுக்கு என்னவெல்லாம் பொருத்தலாம்?" என்றுதான். இருட்டில் பார்க்கும் கண், முன்கைக்குள் மடங்கிக் கிடக்கும் கத்தி, பிடரியில் ஒரு பிளக். அந்தப் பட்டியலைப் புரட்டுகிற சந்தோஷம் எனக்கும் தெரியும். ஆனால் இப்போதெல்லாம் நான் கேம் மாஸ்டராக, அதாவது கதையை நடத்துகிறவராக, உட்கார்ந்தால் பட்டியலைக் கடைசியில்தான் எடுக்கிறேன். முதல் கேள்வி வேறு: "உன் ஆள் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்? கடன் கொடுத்தவர் வந்து நின்றால் எதைப் பிடுங்கிக்கொண்டு போவார்?"

ஏன் இப்படி மாறினேன் என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் ஒரு தோழி. சின்ன வயதிலேயே காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தவர். காதுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் கருவி ஒலியை வாங்கி உள்ளே அனுப்பும், உள்ளே இருக்கும் மின்முனைகள் செவி நரம்பை நேரடியாகத் தூண்டும். பேட்டரி தீர்ந்தால் அடுத்தவர் பேச்சு பாதியில் அறுந்துபோகும். அதனால் விளையாட உட்காரும்போதே மாற்று பேட்டரிகளைப் பகடைக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்வார். ஒரு நாள் புதுக் கதை தொடங்கினோம். பல விளையாட்டுகளிலிருந்து எடுத்து நானே கலந்து எழுதிய விதித்தாள் அது. செயற்கைக் காது என்ற வரிக்கு எதிரே, 'மனிதத்தன்மையில் 2 புள்ளி கழியும்' என்று எழுதியிருந்தேன். அவர் பென்சில் முனையை அந்த வரியில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார். "அப்போ எனக்கு இதுவரைக்கும் எவ்வளவு கழிஞ்சிருக்கும்?"

கோபமாகக் கேட்கவில்லை. கணக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த வரியை அடித்துவிட்டு அன்றைக்கு விளையாடி முடித்தோம். ஆனால் வரியை அடித்ததோடு விஷயம் தீரவில்லை, ஏனென்றால் மொத்த விதிகளும் அந்த ஒரு வரியின்மேல்தான் நின்றிருந்தன.

அது என் கண்டுபிடிப்பும் இல்லை. இந்த வகை விளையாட்டின் அஸ்திவாரத்திலேயே இருப்பது. மைக் பாண்ட்ஸ்மித் வடிவமைத்த சைபர்பங்க் என்ற விளையாட்டு 1988ல் வந்தது, அதன் இரண்டாம் பதிப்பான சைபர்பங்க் 2020 வந்தது 1990ல். அதில் பரிவு என்று ஒரு குணம் உண்டு. அதைப் பத்தால் பெருக்கினால் உங்கள் மனிதத்தன்மைப் புள்ளி. உடம்பில் எதைப் பொருத்தினாலும் அதிலிருந்து கழியும், பத்துப் பத்தாகக் கழியக் கழியப் பரிவும் ஒவ்வொன்றாக இறங்கும். பூஜ்யத்தைத் தொட்டால் ஆளுக்குச் சித்தம் கலங்கிவிடும், கதாபாத்திரம் உங்கள் கையை விட்டுக் கேம் மாஸ்டர் கைக்குப் போய்விடும். 1989ல் வந்த ஷாடோரன் என்ற விளையாட்டில் இதே வேலையை எசன்ஸ் செய்கிறது. 6ல் தொடங்கும், தீர்ந்தால் ஆள் செத்தார்.

விளையாட்டு வடிவமைப்பு என்ற வகையில் பார்த்தால் இது கெட்டிக்காரத்தனமான விதி, அதை மறுக்க மாட்டேன். ஏதாவது ஒரு கடிவாளம் இல்லையென்றால் காசு கிடைத்த அன்றைக்கே எல்லாரும் தலை முதல் கால் வரை இரும்பாகிவிடுவார்கள். அதற்கு ஒரு விலை வைக்க வேண்டும், வைத்தார்கள். பாண்ட்ஸ்மித்தின் நிறுவனமே 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட சைபர்பங்க் ரெட் என்ற பதிப்பில், இழந்த உறுப்பை ஈடுகட்டுவதற்காக மட்டும் வைக்கும் மருத்துவ உறுப்புக்கு மனிதத்தன்மை கழியாது என்று திருத்திவிட்டார்கள். நல்ல திருத்தம். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. சாதாரண மனிதரைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும் காது வைத்தால் மட்டும் பரிவு குறையும் என்றால், அதற்கு என்ன காரணம்? உலோகம் தொட்டால் மனசு இறுகிவிடும் என்பது பழைய பயம். அந்தப் பயத்தை எண்ணாக மாற்றி எதற்காக மேசையில் வைக்க வேண்டும்?

உண்மையான பயம் எங்கே இருக்கிறது என்பதை நிஜ உலகமே காட்டிவிட்டது. ஆர்கஸ் 2 என்று ஒரு விழித்திரை இம்ப்ளான்ட். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த செகண்ட் சைட் என்ற நிறுவனம் தயாரித்தது, 2013ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பார்வை போனவர்கள் கண்ணாடியில் ஒரு கேமரா மாட்டிக்கொள்வார்கள், அது பிடிக்கும் காட்சி கண்ணுக்குள் இருக்கும் மின்முனைகள் வழியாக வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் பொருத்திக்கொண்டார்கள். பிறகு நிறுவனம் பணமில்லாமல் தடுமாறி, அந்தக் கருவியையே கைவிட்டது. பொருத்திக்கொண்டவர்கள் கண்ணுக்குள் கருவி அப்படியே இருந்தது. பழுதானால் சரிசெய்ய ஆள் இல்லாமல், உதிரி பாகம் இல்லாமல் போனது. இந்தச் செய்தி 2022ல் விரிவாக வெளிவந்தபோது நான் இரண்டு முறை படித்தேன். அந்த மனிதர்கள் யாரிடமும் பரிவு குறையவில்லை. குறைந்தது வேறொன்று: சொந்த உடம்பில் இருக்கும் ஒரு பொருளின்மேல் அவர்களுக்கு இருந்திருக்க வேண்டிய உரிமை.

சைபர்பங்க் என்ற வகையின் மையமே இதுதான் என்று நான் நம்புகிறேன். நியான் விளக்கும் ஓயாத மழையும் அலங்காரம். உன் கை உன் தோளில் இருக்கிறது, ஆனால் அதன் சாவி வேறொருவர் கையில் இருக்கிறது. விதி எழுதுகிறவர் அந்தச் சாவியைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அதனால் மனிதத்தன்மைப் புள்ளியை மொத்தமாகத் தூக்கிவிட்டு 'பிடி' என்ற ஒன்றை வைத்தேன். கதாபாத்திரத் தாளில் ஒவ்வொரு பொருத்தலுக்கும் எதிரே சொந்தக்காரர் பெயர் எழுத ஒரு கட்டம், பக்கத்தில் பிடி எண். முழுப் பணமும் கட்டி, பழுது பார்க்கவும் தெரிந்து, யாருடைய சர்வரையும் நம்பாமல் ஓடும் உறுப்பு என்றால் பிடி 0. தவணையில் வாங்கியது 1. மாதச் சந்தாவில் ஓடுவது 2. தூரத்திலிருந்தே அணைக்கக்கூடியது, நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று உளவு சொல்லக்கூடியது என்றால் 3. வேடிக்கை என்னவென்றால், பட்டியலில் பளபளப்பாக இருப்பதெல்லாம் 3தான். பிடி 0 உறுப்பு பழசாக, கனமாக, அசிங்கமாகத்தான் கிடைக்கும். இந்த ஒரு ஏற்பாட்டிலேயே கடிவாளம் வந்துவிடுகிறது. யாரும் கண்மூடித்தனமாக அள்ளிப் பொருத்துவதில்லை.

பகடைக்கு இரண்டு ஆறுமுகப் பகடை போதும். இந்த அமைப்பு என்னுடையது இல்லை, வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் 2010ல் வெளியிட்ட அபோகலிப்ஸ் வேர்ல்ட் விளையாட்டிலிருந்து எடுத்தது. இரண்டையும் உருட்டிக் கூட்டு, திறமைக்கான எண்ணைச் சேர். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை வந்தால் நடக்கும், ஆனால் ஒரு விலை உண்டு. 6க்குள் விழுந்தால் காட்சி கேம் மாஸ்டர் கைக்கு வரும். பகடை விழும் வழிகள் மொத்தம் 36. திறமை +1 உள்ள ஆளுக்கு அதில் 10 வழிகளில் முழு வெற்றி, 10 வழிகளில் தோல்வி, மீதி 16 வழிகளிலும் 'நடந்தது, ஆனால்...' அந்த 'ஆனால்'தான் எனக்கு வேண்டும். பத்துமுகப் பகடை ஒன்றை உருட்டி, குணத்தையும் திறமையையும் கூட்டும் பழைய சைபர்பங்க் முறை துப்பாக்கிச் சண்டைக்கு அருமையாக இருக்கும். அதில் தாண்டினாயா இல்லையா என்பதுதான் கேள்வி. எனக்கு வேண்டிய நடுவழி அதில் இல்லை. ஒரு எச்சரிக்கை: திறமை எண்ணை +2க்கு மேல் ஏற விடாதீர்கள். +3 கொடுத்தால் 36ல் 21 வழிகளில் முழு வெற்றி கிடைத்துவிடும், 'ஆனால்' என்ற சொல் மேசையில் குறைந்துபோய்விடும்.

7 முதல் 9க்கு விலை என்ன? உறுப்பைப் பயன்படுத்திச் செய்த காரியம் என்றால், சொந்தக்காரர் பெயருக்குப் பக்கத்தில் ஆறு துண்டாகப் பிரித்த ஒரு வட்டத்தில், பிடி எண் எவ்வளவோ அத்தனை துண்டை நிழலடிக்க வேண்டும். வட்டம் நிறைந்தால் அவர்கள் கூப்பிடுவார்கள். அவ்வளவுதான் விதி. பிடி 3 உறுப்புக்கு இரண்டே தடவையில் வட்டம் நிறைந்துவிடும்.

இது மேசையில் எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் சுமை தூக்கும் ஆள் ஒருவர், வேலை கொடுத்த கம்பெனியே பொருத்திய வலது கை, பிடி 3. பதினாலாவது மாடியின் விளிம்பில், கூட்டாளியின் மணிக்கட்டை அந்தக் கையால் பிடித்துத் தொங்கவிட்டிருக்கிறார். உருட்டினார், 8. கூட்டாளியின் மணிக்கட்டு நழுவவில்லை, ஆனால் ஏற்கெனவே பாதி நிறைந்திருந்த வட்டம் முழுசாக நிறைந்துவிட்டது. கம்பெனியின் குரல் காதுக்குள் மரியாதையாகப் பேசியது: "வேலை நேரம் தவிர்த்த பயன்பாடு பதிவாகியுள்ளது. பாதுகாப்பு நிலைக்கு மாறுகிறோம்." நான் சுண்டுவிரல் திறக்கிறது என்றேன். கொஞ்சம் பொறுத்து, மோதிர விரல் என்றேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் தன் நிஜக் கையை மேசை விளிம்பில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார், அது அவருக்கே தெரியவில்லை. மூன்றாவது விரலுக்கு முன்னால் அவர் சொன்னார்: "நாளையிலிருந்து ரெண்டு ஷிப்ட் பாக்கறேன்னு சொல்லு. கையெழுத்துப் போடறேன்னு சொல்லு." கூட்டாளி பிழைத்தார். இவர் மூன்று வருஷத்துக்கு அடிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். மனிதத்தன்மைப் புள்ளி இந்தக் காட்சியை எனக்கு ஒரு நாளும் கொடுத்ததில்லை.

அதனால்தான் கதாபாத்திரம் உருவாக்கும்போதே கடனைக் கேட்கிறேன். பணக்கடன் மட்டும் இல்லை. யார் உனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார், யார் வீட்டில் தூங்குகிறாய், யார் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒளிகிறாய்? பழைய சைபர்பங்க்கில் வாழ்க்கைப்பாதை என்று ஒரு பகுதி உண்டு. பகடை உருட்டியே குடும்பம், எதிரி, காதல் எல்லாம் வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஆனால் அதில் வரும் எதிரி எங்கோ தூரத்தில் இருக்கிற ஆள். நான் கேட்பதெல்லாம் பக்கத்தில் இருக்கிற ஆளை. கடன் கொடுத்தவர்களில் ஒருவராவது நல்லவராக இருக்க வேண்டும் என்பது என் கண்டிப்பான விதி. கெட்டவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் ஓடலாம். நம்பிக் கொடுத்தவரிடம் அப்படி ஓட முடியாது.

ஹேக்கர் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டுகளின் பழைய தலைவலி அது. ஹேக்கர் கம்ப்யூட்டர் வலைக்குள் நுழைந்தால் அவருக்கும் கேம் மாஸ்டருக்கும் மட்டும் அரைமணி நேரம் தனி ஆட்டம் ஓடும், மற்றவர்கள் சாப்பிட எழுந்து போய்விடுவார்கள். ரெட் பதிப்பில் ஹேக்கர் இணைப்புப் புள்ளிக்கு 6 மீட்டருக்குள் உடம்போடு வந்து நிற்க வேண்டும் என்று வைத்தார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நான் இன்னும் ஒரு படி போய், ஹேக்கிங்குக்குத் தனி விதியே வைக்கவில்லை. அதே இரண்டு பகடை, அதே வட்டம். ஹேக்கர் செய்யும் முக்கிய வேலை ஒன்றுதான்: அடுத்தவர் உறுப்பின் பிடியைத் தளர்த்துவது, அல்லது அதைத் தன் கைக்கு மாற்றிக்கொள்வது. அப்போது குழுவில் எல்லாருக்கும் ஹேக்கர் வேண்டியவராகிவிடுகிறார், கூடவே கொஞ்சம் பயப்பட வேண்டியவரும் ஆகிவிடுகிறார்.

ஹேக்கிங்கை நுணுக்கமாக எழுதுவதில் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வரலாறு. 1990 மார்ச் 1 அன்று அமெரிக்க ரகசிய சேவைப் பிரிவு ஆஸ்டின் நகரில் இருந்த ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் என்ற விளையாட்டு நிறுவனத்தின் அலுவலகத்தில் புகுந்து கம்ப்யூட்டர்களை அள்ளிக்கொண்டு போனது. அச்சுக்குப் போகவிருந்த கர்ப்ஸ் சைபர்பங்க் என்ற விதிப்புத்தகத்தின் கோப்புகளும் அதோடு போயின. அது கம்ப்யூட்டர் குற்றத்துக்கான கையேடு என்று அதிகாரிகள் சொன்னார்கள். நிறுவனம் வழக்குப் போட்டு 1993ல் ஜெயித்தது, 50,000 டாலருக்கு மேல் நஷ்டஈடு. கற்பனை உலகத்துக்கு எழுதிய விதிகளை அதிகாரம் வந்து நிஜமாகவே கைப்பற்றியது. உன் பொருள், ஆனால் எடுத்துப்போகிற பலம் அடுத்தவருக்கு. பிடி என்று நான் சொல்வது இதைத்தான்.

துப்பாக்கி, கவசம், வண்டி எல்லாவற்றுக்கும் உங்களுக்குப் பிடித்த விளையாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எனக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. சண்டை சீக்கிரம் முடிய வேண்டும், காயம் உடனே ஆறக்கூடாது, அது போதும்.

விதிகளைத் திருத்தி எழுதி முடித்தபோது முதலில் தாளை வாங்கியது அந்தத் தோழிதான். அவர் மறுபடியும் செயற்கைக் காதையே எடுத்தார். சொந்தக்காரர் கட்டத்தில் ஒரு கம்பெனிப் பெயரை எழுதி, பிடி 3 என்று போட்டார். "அடுத்த மாடல் வந்ததும் இதுக்கு பார்ட்ஸ் கிடைக்குமான்னுதான் எனக்கு நிஜமாவே பயம். இதை விளையாடலாம்" என்றார். பதினொரு செஷன் விளையாடினோம். கடைசியில் அவருடைய ஆள், அந்தக் காதின் மென்பொருளைத் திறக்கும் சாவியை ஒரு காப்பகத்திலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் பகடையைத் தொடவில்லை. ரப்பரை எடுத்துக் கம்பெனிப் பெயரை அழித்தார், அந்த இடத்தில் தன் ஆளின் பெயரை எழுதினார், பிடியை 0 ஆக்கினார்.

பக்கத்தில் இருந்த துறைமுக ஆள் தன் தாளைத் திருப்பி அவர் முன்னால் தள்ளினார். "என் கைக்கும் ஒரு சாவி இருக்குமா?"

அடுத்த கதையை அங்கிருந்துதான் தொடங்குகிறோம்.