சாக்கடை என்று சிரித்தவர்களுக்கு

சனிக்கிழமை இணையவழிக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். கூட்டத்துக்கு வராதவர்களும் அந்த ஒரு நிமிடக் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். எனக்கே பலர் அதை அனுப்பி, "கவனித்தீர்களா?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டார்கள். கவனித்தேன். அதில் அசடு வழியச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான்தானே.

சாக்கடை, குடிநீர் என்று ஊர்வேலை பார்த்ததற்காக "சாக்கடை சோஷலிஸ்டுகள்" என்று கேலி செய்யப்பட்ட அமெரிக்காவின் சோஷலிஸ்ட் மேயர்களைப் பற்றி, குறிப்பாக நான் குடியிருக்கும் மில்வாக்கி நகரத்து மேயர்களைப் பற்றி, முக்கால் மணி நேரம் பேசி முடித்தேன். மூத்த தோழர் ஒருவர் குரலைத் திறந்து, "அருமை தோழர். ஆனால் சாக்கடை கட்டுவதற்கு மார்க்ஸ் எதற்கு? நல்ல கான்ட்ராக்டர் ஒருவர் போதுமே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஒருங்கிணைப்பாளரும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்குப் பதில் சொல்ல இடமில்லை. ஆகவே இங்கே சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோழரே, மில்வாக்கியில் கான்ட்ராக்டர்களுக்குப் பஞ்சமே இல்லை. அதுதான் அந்த ஊரின் நோய். டேவிட் ரோஸ் மேயராக இருந்த காலத்தில் லஞ்ச விவகாரங்களை விசாரித்த கிராண்ட் ஜூரிகள் (வழக்குத் தொடரலாமா என்று முடிவெடுக்கும் குடிமக்கள் குழுக்கள்) நூற்றுக்கணக்கில் குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தன. தெருவுக்குக் கல் பதிப்பதிலிருந்து எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவருடைய பையில் பணம் விழுந்தாக வேண்டும். அந்தக் காலத்தில்தான், 1910 ஏப்ரலில், எமில் சைடல் என்ற மரச்சிற்பத் தொழிலாளியை மக்கள் மேயராக்கினார்கள். அமெரிக்கப் பெருநகரம் ஒன்றின் முதல் சோஷலிஸ்ட் மேயர் அவர். அவருடைய செயலாளராக இருந்த இளைஞர் கார்ல் சாண்ட்பர்க், பிற்காலத்தில் அமெரிக்காவின் பெருங்கவிஞர்களில் ஒருவரானவர். கவிஞர் ஒருவர் நகராட்சிக் கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு அது கௌரவக் குறைச்சலாகத் தெரியவில்லை. நம் கூட்டத்தில் இருந்த கவிஞர்களுக்குத்தான் தெரிந்தது.

சைடல் ஆட்சி என்ன செய்தது? நகரக் கணக்கு வழக்கைப் புரட்டிப் பார்க்க ஜான் காமன்ஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியரின் தலைமையில் தனி அலுவலகம் திறந்தது. பொதுப்பணிகளை ஒரே துறைக்குள் கொண்டுவந்தது. விபச்சார விடுதிகளை மூடியது. கேட்க உப்புச் சப்பில்லாமல் இருக்கிறது, இல்லையா? ஆனால் எதிராளிகளுக்கு அது உப்புச் சப்பில்லாமல் இருக்கவில்லை. ஜென்மப் பகையாளிகளான ஜனநாயகக் கட்சியும் குடியரசுக் கட்சியும் 1912-இல் கைகோத்து ஒரே வேட்பாளரை நிறுத்தின. சைடல் முந்தைய தேர்தலைவிட அதிக வாக்குகள் வாங்கியும் தோற்றார். அதோடு விட்டார்களா? இனி நகராட்சித் தேர்தலில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே கூடாது என்று மாநிலச் சட்டமன்றத்தில் சட்டம் கொண்டுவந்தார்கள். வெறும் சாக்கடை கட்டுகிறவனைத் தோற்கடிக்க இவ்வளவு பாடுபடுவார்களா?

இப்போது அந்தச் சாக்கடைக்கே வருகிறேன். மிச்சிகன் ஏரியில்தான் நகரத்தின் கழிவு முழுவதும் போய்ச் சேர்ந்தது. அதே ஏரியிலிருந்துதான் குடிநீரும் எடுத்தார்கள். 1916 பிப்ரவரியில் குடிநீரில் குளோரின் கலப்பது சில மணி நேரம் நின்றுபோனது, சில மணி நேரம்தான். ஊரில் ஆயிரக்கணக்கானோர் வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். நூற்றுக்கணக்கானோருக்கு டைபாய்டு வந்தது. செத்தவர்களும் பலர். அதற்கடுத்த ஏப்ரலில் டேனியல் ஹோன் மேயரானார். சிறு வயதிலேயே பள்ளியை விட்டு, சமையல்காரராக வேலை பார்த்து, பிறகு சட்டம் படித்த சோஷலிஸ்ட். 1940 வரை 24 ஆண்டுகள் அவரே மேயர். அந்தக் காலத்தில்தான் ஜோன்ஸ் தீவில் கழிவுநீர் நிலையம் எழுந்தது. குடிநீர் வடிகட்டும் நிலையமும் அவர் காலத்தில்தான் வந்தது. கழிவுநீர் ஆணையம் 1913-இலேயே அமைக்கப்பட்டது, அப்போது மேயர் பதவியில் சோஷலிஸ்ட் இல்லை என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். தெரியும். ஆணையம் அமைப்பது ஒரு நாள் வேலை. வருஷக்கணக்கில் காசு சாப்பிடாமல் கட்டி முடிப்பதுதான் அரசியல்.

1918 இன்புளுவென்சாக் கொள்ளைநோயின்போது அமெரிக்கப் பெருநகரங்களிலேயே சாவு மிகக் குறைவாக இருந்த ஊர்களில் மில்வாக்கியும் ஒன்று. சோஷலிசம் என்றால் என்ன என்று என்னிடம் வரையறை கேட்ட தம்பிக்கு இதைத்தான் சொல்கிறேன். தொழிலாளி வீட்டுப் பிள்ளை சாகாமல் இருப்பது. குழாயில் வரும் தண்ணீரை நம்பிக் குடிக்க முடிவது. இதைவிடப் பெரிய வரையறை உங்களிடம் இருந்தால் கொடுங்கள், வைத்துக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் சொந்தக் கதை ஒன்று. வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

என் அப்பா ஒரு சிறிய நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்த்தார். ஆள் உயர இரும்புச் சாவியைச் சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு விடியுமுன் கிளம்புவார். தெருமுனையில் மூடியை நெம்பித் தூக்கி, சாவியைக் குழிக்குள் இறக்கி, முழு உடம்பையும் சாய்த்துத் திருப்புவார். பிறகு குனிந்து காது கொடுப்பார். அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால்தான் அடுத்த தெருவுக்கு நகர்வார். அவரும் கட்சி அனுதாபிதான். கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து லத்தீன் அமெரிக்கா பற்றியெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். மேடையில் இருந்தவர்கள் அவரிடம் ஒரு விஷயத்திலும் கருத்துக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கூட்டம் முடிந்ததும் பேச்சாளர் இறங்கி வந்து தோளில் கை போட்டு, "தோழர், எங்கள் தெருவுக்கு மட்டும் இன்னும் பத்து நிமிஷம் சேர்த்து விடக்கூடாதா?" என்பார். அப்பா சிரித்து மழுப்பிவிடுவார். சேர்த்து விடவும் மாட்டார்.

ஆகவே சாக்கடை, தண்ணீர் என்றதும் நீங்கள் சிரிக்கும் சிரிப்பு எனக்குப் புதிதல்ல. "தோழர், இதைத் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்று உட்பெட்டியில் எழுதியவருக்கு: எடுத்துக்கொண்டுவிட்டேன், மன்னிக்கவும்.

சரி, எதிர்வாதங்களைப் பார்ப்போம். "அவர்கள் டிராம் கம்பெனியைப் பொதுவுடைமை ஆக்கினார்களா? மின்சாரத்தை எடுத்துக்கொண்டார்களா?" இல்லை, முடியவில்லை. நகரத்துக்கு என்ன அதிகாரம் உண்டு என்பதைத் தீர்மானித்தது மாநிலம். நகரமன்றத்தில் ஹோனுக்கு ஒருநாளும் பெரும்பான்மை இருந்ததில்லை. சிறுபான்மையை வைத்துக்கொண்டு 24 ஆண்டுகள் ஓட்டினார். நகரமே முன்னின்று 105 வீடுகள் கொண்ட கூட்டுறவுக் குடியிருப்பைக் கட்டியது. போர் முடிந்ததும் ராணுவத்திடம் மிஞ்சிய உணவுப்பொருட்களை வாங்கி மக்களுக்கு மலிவாக விற்றது. 1919-இல் பெல்ஜியம் மன்னரை ஊருக்கு அழைக்கச் சொன்னபோது, நான் உழைப்பவன் பக்கம், மன்னர்கள் நரகத்துக்குப் போகட்டும் என்று பதில் சொன்னவர் ஹோன். போதுமா? இதுவும் கான்ட்ராக்டர் பேச்சா?

"சோஷலிஸ்ட் என்றால் ஊதாரித்தனம், கஜானா காலி" என்று வந்த வலதுசாரி நண்பருக்கு ஒரே வரி. ஹோன் காலத்தில் தொடங்கிய கடன் தீர்ப்புத் திட்டத்தால் 1943-இல் மில்வாக்கி கடனே இல்லாத நகரமானது. நகருங்கள்.

"சமரசவாதிகள், சிறைக்குப் பயந்தவர்கள்" என்ற குற்றச்சாட்டுத்தான் எனக்கு அதிகம் எரிச்சல் தருகிறது. இந்த ஊர்க் கட்சியை உருவாக்கிய விக்டர் பெர்கருக்கு முதல் உலகப்போரை எதிர்த்து எழுதியதற்காக 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தார்கள். உச்ச நீதிமன்றம் அதைப் பின்னர் ரத்து செய்தது. மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள், அவை உள்ளே விடவில்லை. மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள், மறுபடியும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் இந்தக் கட்சியின் தொண்டர்கள் வீடு வீடாகத் துண்டறிக்கை போடுவார்கள். எந்த வீட்டில் ஜெர்மன், எந்த வீட்டில் போலிஷ் என்று தெரிந்து வைத்துக்கொண்டு அந்தந்த மொழியில் போடுவார்கள். நாம் ஒரே மொழியில் ஒரு பதிவு எழுதிவிட்டு எத்தனை விருப்பக்குறி என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஆமாம், அதே பெர்கர் கறுப்பின மக்களைத் தாழ்ந்த இனம் என்று 1902-இல் எழுதினார். அதற்குச் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். அது அசிங்கம். பின்னாளில் இதே கட்சியின் மேயர் பிராங்க் சைட்லர், தென்மாநிலக் கறுப்பின மக்களை மில்வாக்கிக்கு வரச்சொல்லி விளம்பரப் பலகை வைத்ததாக 1956 தேர்தலில் புரளி கிளப்பினார்கள். அந்த வெறுப்பையும் தாண்டி அவர் வென்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜோன்ஸ் தீவில் இருந்த கஷூபிய (போலந்துக் கடற்கரை இனத்து) மீனவர்களை நகரம் வெளியேற்றியதைப் பற்றி ஒரு தங்கை கேட்டிருந்தார். நல்ல கேள்வி, அன்றைக்கு வந்த ஒரே நல்ல கேள்வி. நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் இடம் வேண்டியிருந்தது, மீனவர்கள் போக வேண்டியதாயிற்று. என்னிடம் இதற்குத் திருப்தியான பதில் இல்லை.

"பிறகு என்னதான் புரட்சி?" என்பவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் கதையைப் படிக்க வேண்டும். 1911-இல் அங்கே சோஷலிஸ்ட் வேட்பாளர் ஜாப் ஹாரிமன் முதல் சுற்றில் முன்னணியில் வந்துவிட்டார். அவர் வழக்கறிஞரும்கூட. லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் கட்டடத்தில் குண்டு வைத்ததாகக் கைதான, தொழிற்சங்கக்காரர்களான மக்னமாரா சகோதரர்களின் தரப்பில் வாதாடியவர்களில் ஒருவர். குண்டில் இருபது பேர் அளவில் செத்திருந்தார்கள். அவர்கள் நிரபராதிகள் என்று தொழிலாளர் உலகமே நம்பியது. தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஹாரிமன் மண்ணைக் கவ்வினார். டைனமைட் வைத்தவர்கள் மேல் இன்றும் நம் ஆட்களுக்கு ஒரு ரகசிய மோகம். குழாய் போட்டவன்தான் இளக்காரம்.

எமில் சைடலே முதுமையில் இதை எழுதி வைத்திருக்கிறார். கிழக்குக் கரையின் அதிமேதாவிகள் சிலர் நம்முடையதைச் சாக்கடை சோஷலிசம் என்றார்கள். ஆமாம், தொழிலாளி வீட்டுக்குச் சாக்கடை வேண்டும் என்றோம், ஆனால் அதைவிட எவ்வளவோ அதிகம் விரும்பினோம், சுத்தமான காற்றும் வெயிலும் வேண்டும் என்றோம் என்று. அந்த முதியவருக்கும் உள்ளுக்குள் குத்தியிருக்கிறது. குத்தாமல் எப்படி இருக்கும்? எதிரி கேலி செய்தால் துடைத்துப்போட்டுவிடலாம். இது சொந்தக் கட்சிக்காரர்களின் கேலி.

எங்கள் வீட்டுத் தோட்டத்துக்குக் கோடையில் மில்ஆர்கனைட் உரம் போடுகிறேன். ஜோன்ஸ் தீவில் கழிவைத் தின்று பெருகிய நுண்ணுயிரிகளை உலர்த்தி, குருணையாக்கி, மூட்டை கட்டி 1926 முதல் விற்கிறார்கள். காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. மழை பெய்தால் மட்டும் இரண்டு நாளுக்கு லேசான வாடை இருக்கும், என் மனைவி ஜன்னலைச் சாத்திவிடுவாள். ஊரின் கழிவை ஏரியில் கொட்டாமல் காசாக்கிய ஏற்பாடு இது. இதை அன்றைய பேச்சில் சொல்லியிருந்தால் இன்னும் அதிகமாகச் சிரித்திருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த மாதம் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகர மேயர் ஜார்ஜ் லன் பற்றிப் பேசுவதாக இருந்தேன். வரவில்லை என்று ஒருங்கிணைப்பாளருக்குச் சொல்லிவிட்டேன். தயாரித்த குறிப்புகளை வீணாக்க மனமில்லை, சுருக்கமாக இங்கேயே வைக்கிறேன். லன் ஒரு பாதிரியார், 1911-இல் வென்றார். மின்பொறியியல் மேதை ஸ்டைன்மெட்ஸைப் பள்ளிக் கல்விக் குழுவில் நியமித்தார். வால்டர் லிப்மன் என்ற இளம் அறிவாளி உதவியாளராக வந்து, சில மாதங்களிலேயே போதிய தீவிரம் இல்லை என்று குறைசொல்லி விலகினார் (நம் ஆட்களின் மூதாதை). அதே மாநிலத்து லிட்டில் ஃபால்ஸ் ஊரில் நெசவாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஆதரவாகப் பேச எழுந்த இந்த மேயரைக் கைது செய்தார்கள். பின்னாளில் லன் ஜனநாயகக் கட்சிக்குப் போனார், அது எனக்கும் கசப்புத்தான். ஆனால் அவருடைய முதல் ஆட்சியில் நகராட்சியே ஏழைகளுக்கு மலிவு விலையில் பனிக்கட்டி விற்றது. வியாபாரிகள் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். நகராட்சிக்கு வியாபாரம் செய்ய அதிகாரமில்லை என்று தடை வந்தது. லன் சளைக்கவில்லை. நகராட்சிதானே விற்கக்கூடாது, தனி மனிதனாக நான் விற்கிறேன் என்று தொடர்ந்து விற்றார்.

சிரிக்க விரும்புகிறவர்கள் சிரிக்கலாம். இந்த முறை சாக்கடை இல்லை, பனிக்கட்டி. புதிதாக ஒரு நகைச்சுவை யோசித்துக்கொண்டு வாருங்கள்.