ஆஃப் பண்ணினால்தான் சத்தம் வருகிறது என்கிறேன், காதில் விழவில்லையா?

"வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க சார், என்ன சத்தம்னு பார்ப்போம்."

இனி ஒரு சர்வீஸ் அட்வைசர் என்னிடம் இப்படிச் சொன்னால், சாவியை அவர் மேஜையிலேயே போட்டுவிட்டு வடசேரியில் போய் பஸ் ஏறிவிடுவேன். ஐயா, ஸ்டார்ட் பண்ணினால் அந்தச் சத்தம் வராது. ஓடும்போதும் வராது. ஆஃப் பண்ணிய பிறகுதான் வருகிறது. உள்ளே நுழைந்ததிலிருந்து தொண்டைத் தண்ணீர் வற்ற அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரும் ரோட்டைப் பற்றி நம்ம ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். முன்னால் கனிமவள லாரி, பின்னால் ஹாரனிலிருந்து கையை எடுக்காத பஸ், நடுவில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஃபர்ஸ்டும் செகண்டுமாக மார்த்தாண்டம், தக்கலை என்று ஊர்ந்து வர வேண்டும். வீட்டு முன்னால் நிறுத்திச் சாவியைத் திருப்பினால், பானட்டுக்குள் சோற்றுப்பானை கொதிக்கிற மாதிரி ஒரு குளுகுளு சத்தம். கொஞ்ச நேரம் கழித்துத் தானாக அடங்கிவிடும்.

பக்கத்து வீட்டு மாமா மதில் மேலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "இன்ஜின் மவுண்ட்டு போச்சு மக்ளே, கேட்டியா." இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கிற அந்த மவுண்ட் போனால் அணைக்கிற அந்த நொடியில் 'டொக்' என்று ஒரு உதறல் வரும், சரி. உட்கார்ந்து குளுகுளுக்குமா? ஆபீஸில் ஒருவர் டர்போ என்றார். என் வண்டியில் டர்போவே கிடையாது.

இவர்களை விடுங்கள், சும்மா சொல்கிறவர்கள். காசு வாங்குகிற சர்வீஸ் சென்டர் என்ன செய்தது? சாயங்காலம் வண்டியை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்கக் குளிர விட்டு, காலையில் ஸ்டார்ட் பண்ணி, உடனே ஆஃப் பண்ணிப் பார்த்திருக்கிறார்கள். "நார்மல் சார்." சூடே ஏறாத வண்டியில் அது எப்படி வரும்? சத்தம் நார்மல் என்றவர்கள், அதே கையோடு மவுண்ட் மாற்ற எஸ்டிமேட்டும் நீட்டினார்கள். மாமாவிடம் டியூஷன் போனார்களோ என்னவோ.

நார்மலான சத்தங்கள் இல்லாமலில்லை. நிறுத்தியதும் அடியில் 'டிக் டிக்' என்று கேட்பது, சூடான சைலன்சர் குழாய் குளிர்ந்து சுருங்குவது. டேஷ்போர்டுக்குள் 'உஸ்' என்றால், ஏசியில் கூடின அழுத்தமும் குறைந்த அழுத்தமும் ஒன்றுக்கொன்று சமமாகிறது. ரேடியேட்டர் ஃபேன் சில நிமிடம் சுற்றுவதும் பல வண்டிகளில் வழக்கம்தான். ஆனால் இன்ஜின் குளிர்ந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தால், ஃபேனுக்குக் கரண்ட் விடுகிற சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம், காலையில் பேட்டரி படுத்துவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே 'நார்மல்' என்றால் அப்புறம் மெக்கானிக் எதற்கு?

கடைசியில் தக்கலையில் ஒரு சந்துக்குள் இருக்கிற வயசாளி மெக்கானிக்தான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். "சத்தம் சூட்டுல வருதா, தணுப்புல வருதா?" எனக்குக் கண்ணீர் வராத குறை. அவரே ஓட்டி, நெரிசலில் ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்து நிறுத்தினார். பக்கத்தில் கிரைண்டர் ஓட்டிய பையனை நிறுத்தச் சொன்னார். பானட்டைத் தூக்கி, காதைச் சாய்த்தபடி அசையாமல் நின்றார். சத்தம் வந்தது. ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். "சாயா குடிச்சிட்டு வாங்க, தணுக்கட்டும்" என்றார்.

குளிர்ந்த பிறகு திறந்து காட்டினார். மூடியின் அடியிலிருந்த ரப்பர் வாஷர் கல்லாகி, ஓரத்தில் வெடித்திருந்தது. இன்ஜின் நின்றால் என் வண்டியில் வாட்டர் பம்பும் நின்றுவிடும். ஆனால் இரும்பில் ஏறிய சூடு அந்த நிமிடமே போகாது, இன்ஜினைக் குளிர்விக்க ஊற்றுகிற கூலன்ட் ஓடாமல் நின்று இன்னும் சூடாகும். அழுத்தம் பிடித்து வைத்தால் கொதிக்காது. வெறும் தண்ணீரே 100 டிகிரிக்குப் பதில், 1 பார் கூடுதல் அழுத்தத்தில் 120 வரை தாங்கும். அந்த அழுத்தத்தைப் பிடிப்பதுதான் மூடியின் வேலை. பல மூடிகளில் 0.9, 1.1 என்று மேலேயே எழுதியிருக்கும். மூடி விட்டுக்கொடுத்தால் கொதித்துக் குமிழி விடும். கூலன்ட் குறைந்தாலோ, லைனில் காற்று புகுந்தாலோ இதே சத்தம் வரும் என்று அதையும் பார்த்தார். மூடியை மாற்றி, கூலன்டை நிரப்பினார். செலவு சில நூறு ரூபாய். குளுகுளு போயே போய்விட்டது.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனரா வேண்டும்? சூடான வண்டியும், வாயை மூடிக்கொண்டு நிற்கிற ஒரு ஆளும் போதும். கண்ணாடிக் கதவு, ஏசி, காப்பி மெஷின் எல்லாம் வைத்திருக்கிற இடத்தில் அது மட்டும் இல்லை.

நேற்று அந்த சர்வீஸ் சென்டரிலிருந்து போன். "எங்க சர்வீஸுக்குப் பத்துக்குப் பத்து குடுப்பீங்களா சார்?" நார்மல் என்ற வண்டிக்கு மவுண்ட் எஸ்டிமேட் எதற்கு என்று கேட்டேன். அட்வைசர் கூப்பிடுவார் என்றார்கள். கூப்பிடட்டும், காத்துக்கொண்டிருக்கிறேன்.