எடுக்க எளிதாக இருப்பதுதான் நல்ல ஸ்டோரேஜ் ரூம்

பிளாக்குகளைத் தோண்டி எடுத்து அடுக்கிக் கட்டும் வீடியோ விளையாட்டான மைன்கிராஃப்ட் ஆடும் நண்பர்கள் தங்கள் உலகத்தின் ஸ்டோரேஜ் ரூம் (பொருள் சேமிக்கும் அறை) படங்களைப் போடும்போதெல்லாம் நின்று பார்ப்பேன். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நீண்ட ஹால், இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் டபுள் செஸ்ட் (இரண்டு பெட்டி சேர்ந்த பெரிய பெட்டி), ஒவ்வொன்றிலும் என்ன பொருள் என்று காட்டும் ஒரு ஐட்டம் ஃப்ரேம், சுவருக்குப் பின்னால் ரெட்ஸ்டோனில் (விளையாட்டின் மின்சாரம் போன்றது) ஓடும், பொருள்களைத் தானாகப் பிரித்துப் போடும் சார்ட்டர். உழைப்பு தெரியும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் அந்த அமைப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு பொருளைப் போடும்போது நமக்கு அவசரம் கிடையாது. சுரங்கத்திலிருந்து வந்து இன்வென்டரி (நம் பை) முழுவதையும் ஒரு செஸ்ட்டில் கொட்டிவிட்டு, நாளைக்குக்கூடப் பிரித்து வைக்கலாம். எடுப்பது அப்படி இல்லை. பாதிப் பாலத்தில் நிற்கும்போது கல் தீர்ந்துபோகும். மனசெல்லாம் அடுத்த வளைவை எப்படிக் கொண்டுவருவது என்பதில் இருக்கும். அந்த நேரத்தில் ஓடி வந்து, தேடி, நான்கு செஸ்ட்டைத் திறந்து மூடி, திரும்பிப் போவதற்குள் கட்டுகிற வேகமே போய்விடுகிறது. எனவே அறையை அளக்க எனக்கு ஒரே அளவுகோல்தான்: ஒரு வேலைக்குத் தேவையான எல்லாவற்றையும் எடுக்க எத்தனை செஸ்ட்டைத் திறக்க வேண்டியிருக்கிறது, எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு கொள்ளும் என்பது அதற்கு அப்புறம்தான்.

கொள்ளளவைப் பற்றி நாம் தேவைக்கு மேல் கவலைப்படுகிறோம் என்று நினைக்கிறேன். ஒரு செஸ்ட்டில் 27 ஸ்லாட் (பொருள் வைக்கும் கட்டம்), டபுள் செஸ்ட்டில் 54. ஸ்லாட்டுக்கு 64 என்றால் ஒரு டபுள் செஸ்ட்டில் 3,456 கல் கொள்ளும். ஒரு நடுத்தர வீடு கட்ட அதுவே தாராளம். நம் உண்மையான பிரச்சினை எண்ணிக்கை இல்லை, வகை. விளையாட்டில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு டபுள் செஸ்ட் என்று ஆரம்பித்தால் அந்த ஹால் எங்கே போய் முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

வகையைக் குறைக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. வெட்டிய பொருளைச் சேமிக்காமல் மூலப்பொருளை மட்டும் சேமியுங்கள். 2019-இல் வந்த 1.14 பதிப்பில் கல் வெட்டும் கருவியான ஸ்டோன்கட்டர் வேலை செய்யத் தொடங்கியது. பொருள் செய்யும் மேசையான க்ராஃப்டிங் டேபிளில் 6 கல் போட்டால் 4 படிக்கட்டுதான் வரும். ஸ்டோன்கட்டரில் ஒரு கல்லுக்கு ஒரு படிக்கட்டு, ஒரு கல்லுக்கு இரண்டு ஸ்லாப் (அரை உயரக் கல்). ஆழத்தில் கிடைக்கும் கருங்கல்லான டீப்ஸ்லேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாலிஷ்டு, பிரிக், டைல், ஒவ்வொன்றிலும் படிக்கட்டு, ஸ்லாப், மதில் என்று அந்தக் குடும்பம் மட்டுமே ஒரு சுவரை நிரப்பிவிடும். ஆனால் தோண்டியதும் கிடைக்கும் காபில்டு டீப்ஸ்லேட் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே ஸ்டோன்கட்டரையும் வைத்தால், மற்ற எல்லாவற்றையும் வேண்டும்போது நேராக அதிலிருந்தே வெட்டிக்கொள்ளலாம். ஒரு சுவர் முழுக்க இருந்தது ஒரு டபுள் செஸ்ட்டாகச் சுருங்கிவிடுகிறது. மரத்திலும் இதே கதைதான். ஒரு மரக்கட்டை நான்கு பலகையாகும், அதனால் பலகையை அடுக்கி வைப்பது இடத்தை நான்கு மடங்கு வீணாக்குவது. இரும்பு, தங்கம், ரெட்ஸ்டோன், நிலக்கரி ஆகியவற்றை ஒன்பது ஒன்பதாகச் சேர்த்து பிளாக்காக வையுங்கள். அன்றாடச் செலவுக்கு ஒரு ஸ்டாக்கை மட்டும் உதிரியாக விட்டால் போதும்.

சரி, எப்படிப் பிரிப்பது? வழக்கமாகக் கல் எல்லாம் ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம், நெதர் (விளையாட்டின் பாதாள உலகம்) பொருள்கள் ஒரு பக்கம், செடிகொடி ஒரு பக்கம் என்று இனம் பார்த்துப் பிரிக்கிறார்கள். கேட்க ஒழுங்காக இருக்கிறது. கையில் வேலை வந்தவுடன் அந்த ஒழுங்கு நம்மை அறை முழுக்க அலைய விடுகிறது. ரெட்ஸ்டோன் சிக்னலை அளக்கும் கம்பேரேட்டர் செய்ய மூன்று ரெட்ஸ்டோன் டார்ச், ஒரு குவார்ட்ஸ், மூன்று கல் வேண்டும். இனம் பார்த்துப் பிரித்த அறையில் இவை மூன்றும் மூன்று மூலையில் இருக்கும். பிளாக்கைத் தள்ளும் பிஸ்டனுக்குப் பலகை, காபிள்ஸ்டோன், இரும்பு, ரெட்ஸ்டோன். நான்கு மூலை. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கடுகும் உளுத்தம்பருப்பும் ஒரே இனம் என்பதற்காகவா பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன? தாளிக்கிற கைக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும், அவ்வளவுதான். ஸ்டோரேஜ் ரூமையும் அப்படித்தான் பிரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்தப் பொருள் எந்த வேலைக்குப் போகிறதோ, அந்த வேலையின் சுவரில் அது இருக்கட்டும்.

எங்கள் சிறிய சர்வரில் அறையை அப்படித்தான் வைத்திருக்கிறோம். வாசலை ஒட்டிப் பயணச் சுவர்: உணவு, ராக்கெட், டார்ச், எண்டர் பேர்ல் (எறிந்தால் விழும் இடத்துக்கு நம்மைக் கொண்டுபோகும் முத்து), படுக்கை, உபரி பிக்காக்ஸ். எலிட்ராவில் (பறக்க உதவும் சிறகு) வந்து இறங்குகிறவர் உள்ளேகூட நுழையாமல் நிரப்பிக்கொண்டு பறந்துவிடலாம். அடுத்து ரெட்ஸ்டோன் சுவர். அதில் ரெட்ஸ்டோன் பொருள்களோடு குவார்ட்ஸும் கல்லும் ஒரு செஸ்ட் பலகையும் உண்டு. அப்புறம் கட்டட வேலைக்கு இரண்டு சுவர், மருந்து காய்ச்சுவதற்கும் மந்திரம் ஏற்றுவதற்கும் ஒரு சின்ன மூலை. கல் இரண்டு இடத்தில் இருக்கிறதே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. இருந்தால் என்ன? ஒரு பொருளுக்கு ஒரே இடம்தான் என்று எந்தச் சட்டமும் இல்லை. இரும்பு எங்கள் அறையில் மூன்று இடத்தில் இருக்கிறது. மூன்றும் தேவைப்படுகிற இடங்கள்.

நீண்ட ஹாலுக்குப் பதிலாக நான் பரிந்துரைப்பது 'ப' வடிவ அறைகள். கணினியில் ஆடும் ஜாவா பதிப்பில், சர்வைவல் என்ற வழக்கமான ஆட்டமுறையில் நம் கை எட்டுகிற தூரம் 4.5 பிளாக். மூன்று பக்கமும் செஸ்ட் வைத்து நடுவில் நின்றால், ஐந்து பிளாக் அகலமுள்ள மூலையில் காலை நகர்த்தாமலே கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திறந்துவிடலாம். க்ராஃப்டிங் டேபிளையும் அந்தச் சுவருக்கு வேண்டிய கருவியையும் அதே எட்டுக்குள் வையுங்கள். கட்டடச் சுவருக்கு ஸ்டோன்கட்டர், பயணச் சுவருக்கு அன்வில் (கருவிகளைப் பழுதுபார்க்கவும் பெயர் மாற்றவும் உதவும் பட்டடைக்கல்). தனியாக ஓர் அறையில் எல்லாக் கருவிகளையும் வரிசையாக அடுக்குவது படத்துக்கு நன்றாக இருக்கும், வேலைக்கு உதவாது.

செஸ்ட்டா பேரலா (மரப் பீப்பாய்) என்பதிலும் எனக்கு ஒரு கட்சி உண்டு. செஸ்ட்டின் மேல் முழு பிளாக் இருந்தால் திறக்காது, பூனை ஏறி உட்கார்ந்தாலும் திறக்காது. பேரலுக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக, சுவரோடு சுவராக அடுக்கலாம். இரண்டு சேர்ந்து பெரிதாகாது, 27 ஸ்லாட்டோடு நின்றுவிடும் என்பதுதான் குறை. கணினிக்கும் பேரல் லேசானது. செஸ்ட்டின் மூடி அசைவதற்காக அதைத் தனியாக வரைய வேண்டியிருக்கிறது, பேரல் சாதாரண பிளாக் போலவே வரையப்படுகிறது. பழைய லேப்டாப்பில் ஆடுகிறவர்களுக்குச் செஸ்ட் நிறைந்த அறைக்குள் நுழைந்ததும் ஃப்ரேம்ரேட் (படம் ஓடும் வேகம்) விழுவது ஏன் என்று இதிலிருந்து புரியும். நிறைய வேண்டியவை டபுள் செஸ்ட்டில், கொஞ்சமாக வேண்டியவை பேரலில் என்று வைத்துக்கொண்டால் இரண்டின் நன்மையும் கிடைக்கும்.

பெயர் எழுதுவதில் சோம்பல் வேண்டாம். பலர் ஆடுகிற சர்வரில் அறையைக் கட்டியவருக்கு மட்டும் வழி தெரிந்தால் பயனில்லை. ஐட்டம் ஃப்ரேம் மொழி தெரியாத குழந்தைக்கும் புரியும். ஆனால் அதைச் செஸ்ட்டின் முகத்தில் மாட்டினால் கை தவறிப் படுகிற ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் பொருள் சுழலும், செஸ்ட் திறக்காது. மேலேயோ பக்கத்திலோ மாட்டுங்கள். ஃப்ரேம் ஒவ்வொன்றையும் ஆட்டம் ஒரு என்டிட்டியாக, அதாவது தனிப் பொருளாகக் கவனிக்க வேண்டும் என்பதால் நூற்றுக்கணக்கில் மாட்டினால் ஆட்டம் கனக்கும். எனவே சுவருக்கு ஒரு பெரிய தலைப்பு, செஸ்ட்டுக்கு சைன் போர்டு என்று வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது சார்ட்டர். 2013 மார்ச்சில் வந்த 1.5 பதிப்பு ஹாப்பரையும் (பொருளை வாங்கி அடுத்த பெட்டிக்குக் கடத்தும் புனல்) கம்பேரேட்டரையும் கொண்டுவந்தது. அவற்றை வைத்து ஆட்டக்காரர்களே கண்டுபிடித்த ஐட்டம் சார்ட்டர் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஹாப்பரின் முதல் ஸ்லாட்டில் பிரிக்க வேண்டிய பொருள் 41, மீதி நான்கு ஸ்லாட்டில் அன்வில்லில் பெயர் மாற்றிய ஏதாவது பொருள் ஒவ்வொன்று. அந்த நிலையில் கம்பேரேட்டர் 2 என்று காட்டும். 42-ஆவது வந்ததும் 3 ஆகும், கீழே இருக்கும் ஹாப்பரின் பூட்டு திறக்கும், பொருள் செஸ்ட்டுக்கு இறங்கும். செஸ்ட் நிறைந்து ஹாப்பரிலும் 64 சேர்ந்தால்கூட சிக்னல் 3-ஐத் தாண்டாது, அதனால் பக்கத்துப் பொருளைப் பிரிக்கும் ஃபில்டர் கெடாது. 41 என்ற எண்ணில் இருக்கிற நுட்பம் அது. இதை முதலில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் கும்பிடலாம்.

ஆனால் அதை அறை முழுக்க வைக்கத்தான் வேண்டுமா? வழக்கமான வடிவத்தில் ஒரு பொருளுக்கு மூன்று ஹாப்பர் போகும். ஹாப்பருக்கு ஐந்து இரும்பு. நூறு பொருளுக்கு 1,500 இரும்பு. அது போகட்டும், இரும்பு ஃபார்ம் (இரும்பைத் தானாகத் தரும் அமைப்பு) இருந்தால் சமாளிக்கலாம். வேகத்தைப் பாருங்கள். ஹாப்பர் நொடிக்கு 2.5 பொருளைத்தான் நகர்த்தும். ஒரு டபுள் செஸ்ட் நிறைய உள்ளதை ஒரே ஹாப்பர் வழியாக அனுப்பினால் 23 நிமிடம் ஆகும். அடுக்க முடியாத வாள், கவசம், மருந்து, மந்திரப் புத்தகம் எதையும் இந்த ஃபில்டர் பிரிக்காது. எண்டர் பேர்ல் போல 16 மட்டுமே அடுக்கும் பொருளுக்கு 41 கணக்கே பொருந்தாது. சுரங்கத்திலிருந்து திரும்பும்போது நம் பையில் இருப்பதோ இவை எல்லாம் கலந்த கூட்டம். எவ்வளவு பெரிய சார்ட்டர் கட்டினாலும் கடைசியில் 'பிரிக்காதவை' என்று ஒரு செஸ்ட் நிரம்பிக்கொண்டே இருக்கும், அதைக் கையால்தான் பிரிக்க வேண்டும். இத்தனைக்கும் அப்புறம் சார்ட்டர் தீர்த்து வைப்பது போடுகிற வேலையை மட்டும்தான். பொருளை எடுக்கிற நேரம் ஒரு நொடிகூடக் குறையவில்லை. சில சமயம் கூடவே செய்கிறது, ஏனென்றால் ஃபில்டர் வரிசையின் வசதிக்கு ஏற்ப செஸ்ட்டுகள் நேர்கோட்டில் நீள வேண்டியிருக்கிறது.

சார்ட்டருக்குச் சரியான இடம் ஃபார்ம். மாப் ஃபார்மிலிருந்து (பகை உயிர்களைக் கொன்று பொருள் சேர்க்கும் அமைப்பு) எலும்பு, அம்பு, நூல், வெடிமருந்து என்று தெரிந்த சில பொருள்கள் மட்டும் இடைவிடாமல் கொட்டும். நான்கைந்து ஃபில்டர் போட்டால் போதும், ஆயுசுக்கும் ஓடும். அங்கே கட்டுங்கள். சர்வரில் கட்டினால் திறந்திருக்கும் ஹாப்பர்களின் மேல் கம்போஸ்டர் (உரம் செய்யும் தொட்டி) வையுங்கள். ஜாவாவில் ஹாப்பர் தன் வாய்க்கு மேல் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். மேலே ஒரு கம்போஸ்டர் இருந்தால் அந்தத் தேடல் நின்றுவிடும், சர்வர் மூச்சு விடும்.

2025 செப்டம்பரில் வந்த 'காப்பர் கோலம்' என்ற நடமாடும் செம்பு பொம்மையை நான் சார்ட்டரைவிட அதிகம் விரும்புகிறேன். காப்பர் செஸ்ட்டில் கொட்டியதை அது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப்போய், அதே பொருள் ஏற்கெனவே இருக்கிற செஸ்ட்டைத் தேடி வைக்கிறது. காலியான செஸ்ட்டிலும் வைத்துவிடும் என்பதால் ஒவ்வொரு செஸ்ட்டிலும் ஒரு மாதிரிப் பொருளைப் போட்டு வைக்க வேண்டும். ஒரு தடவைக்கு 16 பொருள்தான் தூக்கும், மெதுவானது, கவனிக்காமல் விட்டால் களிம்பு ஏறிச் சிலையாகிவிடும். தேன்மெழுகு தடவினால் களிம்பு ஏறுவது நிற்கும். ஆனால் நம் அறையின் வடிவத்தை அது மாற்றச் சொல்வதில்லை. 'ப' வடிவ மூலையில் நாம் நம் வசதிக்கு வைத்ததை அப்படியே ஏற்றுக்கொண்டு வேலை செய்கிறது. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

ஷல்கர் பாக்ஸ் (பொருளோடு அப்படியே தூக்கிச் செல்லும் பெட்டி) கையில் வந்த பிறகு, டபுள் செஸ்ட் முழுக்க ஷல்கர் அடுக்கி 93,312 கல் வைக்கலாம் என்று கணக்குப் போட்டு மகிழ்கிறவர்கள் உண்டு. வைக்கலாம்தான். எடுக்க வேண்டுமென்றால் ஷல்கரை வெளியே எடுத்து, தரையில் வைத்து, திறந்து, உடைத்து, திரும்ப உள்ளே போட வேண்டும். எப்போதாவது தொடுகிற உபரிச் சரக்குக்கு மட்டும் அது சரி. ஷல்கரின் உண்மையான பலம் வேறு. உடைத்தாலும் உள்ளே இருப்பது சிதறாது. அதனால் ஒரு வேலைக்கு ஒரு பெட்டி என்று கட்டி வைக்கலாம். பாலப் பெட்டியில் கல், மரக்கட்டை, விளக்கு, ஏணி, ஸ்டோன்கட்டர் ஒன்று. ரெட்ஸ்டோன் பெட்டி சிவப்பு நிறத்தில், பயணப் பெட்டி நீலத்தில். 16 சாயம் இருக்கிறது, பெயரே எழுத வேண்டாம். எங்கிருந்து திறந்தாலும் நம் பொருளே இருக்கும் எண்டர் செஸ்ட்டில் 27 பெட்டி வைத்துக்கொண்டால் 729 ஸ்லாட் எங்கே போனாலும் நம்மோடு வரும். ஸ்டோரேஜ் ரூமுக்கு ஓடி வரவேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எந்தச் சுவரையும் முழுக்க நிரப்பாதீர்கள். இந்த விளையாட்டு நிற்காமல் வளர்கிறது. 2021-இல் டீப்ஸ்லேட் வந்தது, 2023-இல் செர்ரி மரம், 2024 டிசம்பரில் பேல் ஓக் மரம். ஒவ்வொரு தடவையும் இனம் பார்த்து அடுக்கி நிரப்பிய ஹால்களை வரிசை குலைத்துத் திரும்ப அடுக்க வேண்டியிருந்தது. எங்கள் கட்டடச் சுவரில் கீழ் வரிசையைக் காலியாகவே விட்டிருந்தோம். பேல் ஓக் வந்த அன்று ஒரு செஸ்ட்டையும் ஒரு சைன் போர்டையும் வைத்துவிட்டு, நேராக அது வளரும் பேல் கார்டனைத் தேடிக் கிளம்பிவிட்டோம்.