அரண்மனையா, போட்டோ ஸ்டுடியோவா?

சியோல் போனால் கியோங்போக்குங் அரண்மனையைப் பார்க்காமல் வர முடியாது, சரி. 1395-இல் எழுந்தது. ஆனால் அரண்மனையை அங்கே யார் பார்க்கிறார்கள்? ஹன்போக், அதாவது கொரியப் பாரம்பரிய உடை, உடுத்தி வந்தால் நுழைவுக் கட்டணம் கிடையாது. வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு ஊரே திரண்டு வருகிறது. உடுத்தட்டும், அழகுதான், என் வயிற்றெரிச்சல் வேறு. சிம்மாசன மண்டபத்தின் முற்றத்தில், அதிகாரிகள் பதவி வரிசைப்படி நிற்பதற்காக நட்ட கற்கள் இருக்கின்றன, எழுத்து பொறித்து. ஒன்றையாவது பார்க்கலாம் என்று குனிந்தால் அதன்மேல் கைப்பை, மேக்கப் பெட்டி, பாதி குடித்த ஐஸ் காபி. போதாததற்கு, 'போட்டோவில் விழறீங்க, தள்ளுங்க' என்று கையாட்டல் வேறு! மண்டப வாசலில் எட்டிப் பார்த்தாலோ செல்ஃபி குச்சி கண்ணைக் குத்துகிறது. சரி, கூட்டம் குறைந்தபின் நாளைக் காலையில் வருவோம் என்றால், நாளை செவ்வாய்க்கிழமை. அரண்மனைக்கு வார விடுமுறை.