பத்து வயதுக் கால்களின் மேல் எத்தனை பாரம்?

ஞாயிறு காலையில் சேலம் காந்தி மைதானத்தில் பிள்ளைகள் கால்பந்து ஆடுவதைப் பார்க்கப் போனால், கோட்டுக்கு வெளியே நிற்கும் அப்பாக்களின் சத்தம்தான் காதைப் பிளக்கிறது. நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் பத்து வயதுப் பிள்ளை யார் பேச்சைத்தான் கேட்கும்? சென்ற வாரம் ஒரு சிறுவன், பந்து காலடிக்கு வந்த பிறகும் உதைக்காமல், முதலில் தன் அப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். அதற்குள் பந்து பறிபோனது, அவருடைய வசவு திடல் முழுவதும் கேட்டது. இடைவேளையில் கொடுத்த ஆரஞ்சுச் சுளையைத் தின்னாமல் விரல்களுக்குள் நசுக்கியபடியே அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

பயிற்சியாளர்கள் மட்டும் சளைத்தவர்களா? கோப்பைக்காக ஐந்து பிள்ளைகளைக் கடைசிவரை பெஞ்சிலேயே உட்கார வைக்கிறார்களே, அவர்கள் விடியற்காலையில் எழுந்து வந்தது வேடிக்கை பார்க்கவா?

2020-இல் இந்தியக் கிரிக்கெட் அணிக்கு ஆடிய நம் சின்னப்பம்பட்டி நடராஜன், நெடுங்காலம் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். அப்படியிருக்க, ஒரு குழந்தையைப் பற்றிப் பத்து வயதிலேயே முடிவுகட்ட இவர்களுக்கு என்ன அவசரம்?

இந்த ஞாயிறு அந்தச் சிறுவன் வரவில்லை.