ராட்வைலர் வளர்ப்பவர்களுக்கு: சுற்றறிக்கையும் வாய்மூடியும்

அடுக்ககங்களில் ராட்வைலர் என்ற பெரிய காவல் நாயை வளர்ப்பவர்களை ஒதுக்குவது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அது, 23 நாய் இனங்களைத் தடை செய்யச் சொன்ன 2024 மார்ச் மத்திய அரசு சுற்றறிக்கையோடு நின்றுவிட்டது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ததையும் சொல்லியிருக்க வேண்டும். பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாயைத் தடுக்க முடியாது என்கிறது விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல். மாநகராட்சி விதி தனி. உங்கள் ஊரில் உரிமம், இனக் கட்டுப்பாடு என்னவென்று முதலில் விசாரியுங்கள்.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் பயத்தைக் காகிதத்தைவிட, கடிக்காமலிருக்க நாயின் வாயில் மாட்டும் வாய்மூடிதான் குறைக்கும். வாயை இறுக்கிக் கட்டும் நைலான் வகையை நடைக்குப் போடவே கூடாது. நாய் மூச்சிரைத்துத்தான் உடலைக் குளிர்விக்கும். வாய் திறக்க முடியாவிட்டால் நம் வெயிலில் சுருண்டு விழுந்துவிடும். கூடை வகை வாங்குங்கள். உள்ளே வாயைத் திறக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் இருக்க வேண்டும். முதல் சில நாள் பட்டையை மாட்டாமல், உள்ளே வேகவைத்த கோழித் துண்டு வைத்து மூக்கைத் தானாக நுழைக்க விடுங்கள். பிறகு சில நொடிகள், அப்புறம் நிமிடங்கள். அவசரப்பட்டு மாட்டினால் காலால் பிறாண்டும், அடுத்த முறை பார்த்தாலே ஓடும்.

நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கும் வார் 4 முதல் 6 அடி போதும். இழுக்க இழுக்க நீளும் சுருள் வார் லிஃப்ட் வாசலில் ஆபத்து: நீங்கள் வாரை நிறுத்தும் பொத்தானை அழுத்துவதற்குள் நாய் எதிரில் வருபவரிடம் போயிருக்கும்.