எடையைச் சொல்லும் முன் அவர் சொல்வதைக் கேளுங்கள்

எம்பிபிஎஸ், நர்சிங், பிசியோ எதுவானாலும் சரி, வந்தவர் எதற்காக வந்தார் என்று முழுசாகக் கேட்ட பிறகே அவர் எடையைப் பற்றிப் பேச வேண்டும். இதை முதல் வருடத்திலேயே பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெரு அக்கா ஒருவர், நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். வராந்தாவில் எடை மெஷின். நர்ஸ் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, வரிசையே திரும்பிப் பார்த்தது. உள்ளே டாக்டர், "வெயிட்டைக் குறைச்சுட்டு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். அப்புறம் அவர் எந்த டாக்டரிடமும் போகவில்லை. மாதக்கணக்கில் கழித்து மகள் வற்புறுத்திக் கோவைக்குக் கூட்டிப்போனாள். கடுமையான ரத்தசோகை. மாதவிடாயில் ரத்தம் அதிகம் போவதை அதுவரை யாரும் கேட்கவே இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒல்லியானவர்களும் இதில் தப்புவதில்லை. புனே டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் சேர்ந்து நிற்கும் படம் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பு கூடியிருந்தால் சர்க்கரை வரலாம். "நீங்க ஒல்லிதானே" என்று சர்க்கரை பார்க்காமல் அனுப்பப்படுபவர்கள் நம் ஊரில் எத்தனை பேரோ!

பிபி பார்க்கக் கையில் சுற்றும் பட்டையும் அப்படித்தான். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். 2023இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் அளவு சராசரியாக 19.5 கூடியது. தேவையில்லாத மாத்திரைக்கு அதுவே போதும்.

எடைக்கும் மூட்டுவலிக்கும் சர்க்கரைக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தினமும் நடந்தால் எடை குறையாவிட்டாலும் பிபியும் சர்க்கரையும் இறங்கலாம். அதைச் சொல்லாமல் கிலோவை மட்டும் கேட்டால், குறையாதவர் நடப்பதையும் விட்டுவிடுவார்.

2019 முதல் எம்பிபிஎஸ்ஸில் நடத்தை, அறம், நோயாளியிடம் பேசும் முறைக்கென்று 'ஏட்காம்' வகுப்பே இருக்கிறது. "எடை பார்க்கலாமாம்மா?" என்று கேட்பதையும், அவர் வேண்டாமென்றால் மற்ற பரிசோதனையைத் தொடர்வதையும் அங்கே செய்து பழக்குங்கள். நர்சிங் லேபில் பெரிய பட்டை வாங்கி வையுங்கள். மெஷினை வராந்தாவிலிருந்து திரைக்குப் பின்னால் நகர்த்தப் பெரிய செலவு எதுவும் ஆகாது.